சிக்னலில் உறுமிய ஆட்டோ

“டீச்சரம்மா, இந்த போனைத் தூக்கி வீசட்டுமா, இல்ல வண்டியையே வித்துடட்டுமா?”

கேட்டவர் ஆட்டோ ஓட்டும் வேலாயுதம். செல்போன் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் பர்வீனுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. இருந்தால் என்ன, வகுப்பில் அவள்தான் குரு, அவர்தான் சிஷ்யர்.

பாவம், மனுஷன் நொந்துபோயிருந்தார். சவாரி அழைப்பு போனில் வந்து விழும். அவர் விரல் வைத்து, போன் அசைந்து கொடுப்பதற்குள் வேறு யாரோ தட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. செட்டிங்கில் புகுந்து, போனுக்கு மூளையான ப்ராசஸர் ஓடும் வேகத்தை உச்சத்தில் வைத்தார். மத்தியானத்துக்குள் போன் தோசைக்கல்லாகக் கொதித்தது. சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு திணறியது. போய்த் தொலை என்று அடிமட்டத்துக்கு இறக்கினார். சூடு ஆறியது, ஆனால் திரை விழிக்கவே ஒரு யுகம் ஆனது. ‘தேவைக்கேற்ப’ என்று இன்னொன்றும் அங்கே இருந்தது. ரெண்டுங்கெட்டான் சமாச்சாரம் என்று அதை அவர் தொடவே இல்லை.

நாளைக்கும் இப்படியே போனால் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவதாகச் சொன்னார்.

பர்வீன் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. தன்னை வீட்டில் இறக்கிவிடச் சொல்லி ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

முதல் சிக்னலில் சிவப்பு.

“முறுக்குங்க அண்ணே. பச்சை விழற வரைக்கும் விடாதீங்க.”

குரு சொல்லைத் தட்ட முடியுமா? நின்ற இடத்திலேயே வண்டி உறுமியது. பக்கத்து பைக்குக்காரர் முறைத்தார். வேலாயுதத்துக்கு வயிறு எரிந்தது, பெட்ரோல் அவருடையது அல்லவா.

அடுத்த சிக்னலில் இன்ஜினை அணைக்கச் சொன்னாள். பச்சை விழுந்தது. வண்டி இருமி இருமிக் கிளம்புவதற்குள் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தே அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

அதற்கடுத்த சிக்னலில் அவள் வாயே திறக்கவில்லை. அவர் என்றும்போல் நின்றார். இன்ஜின் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. பச்சை விழுந்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு முன்னால் போனது.

“இப்ப உங்க கை என்ன பண்ணுச்சு?”

நிற்கும்போது தளர்ந்து, கிளம்பும்போது மட்டும் முறுக்கிய தன் வலது கையை வேலாயுதம் பார்த்தார்.

வண்டியை ஓரங்கட்டினார். போனை எடுத்து, ஒதுக்கிவைத்திருந்த ‘தேவைக்கேற்ப’வைத் தட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. விரல் பட்டதும் சவாரி அவருடையது.

முகமெல்லாம் பல்லாகிவிட்டது மனுஷனுக்கு. அப்புறம்தான் உறைத்தது, உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கிறதே என்று.

திரும்பிப் பார்த்தார். பர்வீன் அதற்குள் இறங்கி, நடைபாதையில் கொஞ்ச தூரம் போயிருந்தாள்.