நவமணி கல்யாணத்து மூணு தட்டு கேக்கு

ஈச்சன்விளைக்காரர்களைப் போலச் சொல்பேச்சு கேட்கிற ஜனங்களை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது. பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று சத்தம் போட்டால், பின்வாசலில் ஏறி முன்வாசல் வழியாக ரோட்டில் இறங்குகிற வரைக்கும் உள்ளே போவார்கள். அவ்வளவு மரியாதை.

அந்த ஊர் செங்கல் சூளையில் வேலை பார்த்த பொன்சிங்குக்கும் அடுத்த தெரு நவமணிக்கும் கல்யாணம் நிச்சயமானது. தாலி, சேலை, பந்திச் செலவு எல்லாம் போக, கேக்குக்கென்று கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். நவமணியின் அக்கா செல்லக்கனிக்கு நாகர்கோவிலில் கல்யாணம் நடந்தபோது மூன்று தட்டு கேக் வெட்டினார்கள். அந்தப் போட்டோவை நவமணி அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள்.

"நமக்கு ஒரு தட்டு போதும் அத்தான்," என்றாள். சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது. அன்றைக்குப் பொன்சிங்குக்குச் சூளையில் வேலையே ஓடவில்லை. எப்பாடுபட்டாவது மூன்று தட்டு வாங்கிவிடுவது என்று தீர்மானித்தான்.

ஜங்ஷனில் தங்கையா அண்ணாச்சியின் பேக்கரி இருந்தது. அவனும் நவமணியும் போனார்கள். அவனை வளர்த்த சித்தப்பா கோயில்பிள்ளையும் கூடவே போனார். ஊரிலேயே அவர்தான் விவரமானவர் என்று பெயர். பெயர் வைத்ததும் அந்த ஊர்தான்.

அண்ணாச்சி மூன்று வகை கேக்கில் ஒவ்வொரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தார். "ருசி பாருங்க, வந்துருதேன்," என்று அடுப்பைக் கவனிக்கப் போனார்.

மூன்று பேரும் குனிந்து தட்டைப் பார்த்தார்கள். நன்றாகப் பார்த்தார்கள்.

"லே பொன்சிங்கு, ருசி தெரியுதா?" என்றார் கோயில்பிள்ளை.

"எனக்கு ஒரு ஈ தெரியுது சித்தப்பா."

"நீ பாரு மருமவளே. உனக்குக் கண்ணு நல்ல கண்ணு."

"எனக்கும் அந்த ஈதான் மாமா தெரியுது."

அண்ணாச்சி திரும்பி வந்தபோது தட்டு வைத்தபடியே இருந்தது. "எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். ஈ எதில் உட்கார்ந்திருந்ததோ அதைக் காட்டினார்கள். அது பிளம் கேக்.

மூன்று தட்டுக்கு ஆகிற விலையைக் கேட்டதும் பொன்சிங்கின் முகம் சுண்டிப்போயிற்று. நவமணி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. "ஒண்ணு செய்வோம். ஒரு தட்டு மட்டும் நெச கேக்கு. மத்த ரெண்டும் தெர்மாகோல். மேல ஐசிங்கைப் பூசிட்டா ஒண்ணுபோல இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அதுலதான் விஷயமே இருக்கு."

சந்தோஷமாக முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். பனங்காட்டுப் பாதையில் பாதி தூரம் வந்ததும் பொன்சிங் நின்றுவிட்டான்.

"சித்தப்பா, ஒருத்தருக்கும்னு சொன்னா, அதுல நாமளும் உண்டா?"

"நாம ரெண்டு பேருல்லா அத்தான்," என்றாள் நவமணி. "ஒருத்தருக்குத்தானே தெரியக் கூடாது?"

கோயில்பிள்ளை தாடையைத் தடவினார். "இப்ப ரெண்டு பேருதான். ஆனா வேதக்கோயில்ல வச்சு, இனிமே நீங்க ஒண்ணுன்னு பாதிரி ஐயரு சொல்லிருவாரே. கேக்கு வெட்டுத நேரம் நீங்க ஒருத்தராயிருவீங்க. அதனால தெரியக் கூடாது."

மூன்று பேரும் வந்த வழியே திரும்பி ஓடினார்கள்.

"அண்ணாச்சி, எந்தத் தட்டு நெசம்னு எங்கிட்டச் சொல்லிராதீங்க!" என்றான் பொன்சிங்.

"அது கீழ்..." என்று அண்ணாச்சி வாயைத் திறந்ததும் மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். "நீரும் மறந்துரும் ஓய்," என்று கத்தினார் கோயில்பிள்ளை. கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மறந்துட்டேன், போங்க," என்றார் அண்ணாச்சி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கேக்கை எடுக்கப் போனார்கள். கண்ணாடி மேஜையில் மூன்று தட்டும் வெள்ளைவெளேரென்று அடுக்கி நின்றன. உச்சியில் இரண்டு சர்க்கரைப் புறா. நவமணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"ஆடாம அசையாமக் கொண்டு போங்க. கொஞ்சம் அசைஞ்சாலும் சரிஞ்சிரும்," என்றார் அண்ணாச்சி.

பொன்சிங் கேக்கின் பக்கத்தில் போய்க் கையை நீட்டினான். அப்படியே நின்றான். "சித்தப்பா, தூக்குனா அசையுமே."

"அசையக் கூடாதுன்னுட்டாரே."

"அசையாட்டா கல்யாணத்துக்கு எப்படி வரும்?"

கோயில்பிள்ளை வெகுநேரம் யோசித்தார். "கேக்கு அசையப்படாது. கல்யாணத்தை அசைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே?"

மறுநாள் கோயிலில் தாலி கட்டி முடித்ததும் பொன்சிங் மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பனங்காட்டுப் பாதையில் நடந்தான். பின்னால் ஐயர், பாட்டுக்காரர்கள், நாகர்கோவில் அக்கா, அவள் புருஷன், ஊர் ஜனம் மொத்தமும். தங்கையா அண்ணாச்சி பன் வாங்க வந்தவர்களுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் கடைக்குள் கல்யாணம் நடக்கிறது.

ஐயர் ஜெபம் செய்தார். இரண்டு பேரும் கத்தியைப் பிடித்து மேல் தட்டில் இறக்கினார்கள். "கிரீச்" என்று சத்தம் வந்தது. அக்காள் புருஷன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்சிங் ஒரு துண்டை எடுத்து நவமணி வாயில் வைத்தான். அவள் மென்றாள். இன்னும் மென்றாள். ஐசிங் மட்டும் இனித்தது.

"நல்லா இருக்கு அத்தான்," என்றாள்.

"மெத்துனு இருக்குல்லா?" என்றார் கோயில்பிள்ளை, பல்லில் ஒட்டியதைத் தள்ளிக்கொண்டே.

கொடுத்ததை வாங்கிச் சாப்பிடுவதில் ஈச்சன்விளையை மிஞ்ச ஆள் கிடையாது. மேல் தட்டு தீர்ந்தது. நடுத் தட்டும் கிரீச் கிரீச்சென்று தீர்ந்தது. "எங்க கல்யாணத்துக் கேக்கு வயித்துல கனமா உக்காந்துட்டு. இது காத்து மாதிரி இறங்குது," என்று செல்லக்கனியே வாய்விட்டுச் சொன்னாள். நவமணி அன்றைக்குப் பூரித்த பூரிப்பைச் சொல்லி முடியாது.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "கீழ்த் தட்டு! கீழ்த் தட்டை வெட்டுங்கய்யா!"

கோயில்பிள்ளை பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினார். அந்தக் கை, பந்தி முடிகிற வரைக்கும் அவர் வாயைவிட்டு எடுபடவில்லை. பந்தியும் அங்கேயேதான் நடந்தது.

சாயங்காலம் மிஞ்சிய கீழ்த் தட்டைப் பார்த்துப் பொன்சிங் கணக்குப் போட்டான். மூன்றில் ஒன்று நிஜம். இரண்டைத்தான் எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டாயிற்றே. அப்படியானால் இது சுத்தமான தெர்மாகோல். தெர்மாகோல் அசைந்தால் என்ன? தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கல்யாண ஞாபகமாக அலமாரியில் வைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அலமாரி முழுக்க எறும்பு. சாரை சாரையாகத் தட்டில் ஏறிக்கொண்டிருந்தது. புதுமாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்கள்.

"பாவம் அத்தான்," என்றாள் நவமணி, கண் கலங்கி. "கேக்குன்னு நம்பித் தெர்மாகோலைத் தின்னுதுங்க. இப்படியே போனா பட்டினியாக் கிடந்து செத்துரும்."

பொன்சிங்குக்கும் மனசு பொறுக்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய், ஒரு பிடி சீனி அள்ளிக்கொண்டு வந்து அந்தக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தான்.