சர்க்கரை இறங்கிய கிணறு

மொழுக்கனேரிக்காரர்களைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கிற ஜனங்களை நான் எங்கும் பார்த்ததில்லை. சொன்னதை அப்படியே செய்வார்கள். சொல்லாததைத் தலைகீழாக நின்றாலும் செய்ய மாட்டார்கள். அந்த ஊரில் ஒருவர் நோயில் விழுந்தால், நோயைவிட வைத்தியர் பேசுகிற தமிழுக்குத்தான் பயப்பட வேண்டும்.

டெய்லர் வடமலைக்கு வந்தது சர்க்கரை. முள் குத்திய கால் கட்டைவிரல் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சர்க்கரை முந்நூத்திப் பன்னெண்டுக்கு ஏறியிருக்கு. மாத்திரையை விடாம போடுங்க. வாயைக் கட்டணும். தட்டுல பாதி காய்கறி இருக்கணும். ரெண்டு மாசத்துல சர்க்கரை கீழே இறங்கலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்."

வடமலைக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாகத் தையல் மிஷினை மிதித்த கால். அந்த விரல் போனால் பிழைப்பும் போச்சு. பாவம், வீடு வரும்வரை விரலையே பார்த்துக்கொண்டு நடந்ததில் இரண்டு தடவை தடுக்கி விழுந்தார்.

ஊர் கூடியது. தலைவர் ஆவுடையப்பன் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் திரவியம். எட்டாம் வகுப்பையே மூன்று வருஷம் படித்தவர் என்பதால் அந்த ஊரில் படிப்பாளி அவர்தான்.

"முதல்ல வாயைக் கட்டுவோம்," என்று திரவியம் வடமலையின் தோள் துண்டை உருவி அவர் வாயைச் சுற்றி இறுக்கினார்.

"அப்போ சோறு எப்படித் திங்க?" என்று கேட்டாள் வடமலையின் மனைவி பூரணம்.

"அவுத்துட்டுத் திங்கட்டும். கட்டணும்னுதானே சொன்னாவ? அவுக்கக் கூடாதுன்னு சொன்னாவளா?"

"சொல்லலை."

அவிழ்த்த நேரத்தை வீணாக்கலாமா? வடமலை ஒவ்வொரு வேளையும் இரண்டு வேளைச் சோற்றைத் தின்றார்.

தட்டு விஷயத்திலும் ஒரு குறை வைக்கவில்லை. பூரணம் தட்டை நூல் பிடித்து அளந்து சரிபாதியில் கோடு கிழித்தாள். ஒரு பாதியில் அவரைக்காய். மறுபாதியில் வழக்கமான சோறு முழுவதும். இடம் சுருங்கியதால் சோறு மேல்நோக்கி வளர்ந்து வடமலையின் மூக்கைத் தொட்டது. டாக்டரம்மா அகலத்தைத்தான் சொன்னார், உயரத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பதினைந்து நாள் கழித்து நர்ஸம்மா வந்து சோதித்தால், முந்நூற்று நாற்பது. "இன்னும் மேலதான் ஏறியிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடியும் ஊர் கூடியது.

"மேல ஏறின ஒண்ணை எப்படிவே இறக்குறது?" என்றார் தலைவர்.

"தென்னையில ஏறினவனைக் கூப்பிட்டா இறங்கிருவான். சர்க்கரைக்குக் காது கிடையாதே," என்றார் திரவியம். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "அப்போ அது ஏறி உட்கார்ந்திருக்க மரத்தையே கீழ இறக்கணும்."

"மரம் எது?"

எல்லோரும் வடமலையைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி கீழ இறங்கினா, அவருக்குள்ள இருக்க சர்க்கரையும் கூடவே இறங்கித்தானே ஆகணும்?" என்றார் திரவியம்.

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

ஊர்க்கோடியில் இருபதடி ஆழத்துக்கு ஒரு வறண்ட கிணறு கிடந்தது. வடமலையை வடக்கயிற்றில் கட்டி அதில் இறக்கினார்கள். பிழைப்பு கெடக் கூடாதென்று தையல் மிஷினையும் பின்னாலேயே இறக்கினார்கள். சாப்பாடு வாளியில் போனது. வாளி சுவரில் இடித்து இடித்துப் போனதில் கோபுரச் சோறெல்லாம் வழியிலேயே கொட்டிவிடும். அவரைக்காயும் மாத்திரையும் மட்டும் வடமலைக்கு எட்டும். இன்னும் கொஞ்சம் கேட்கலாமென்றால் வாயில் துண்டு. தைக்கத் துணி இல்லாத நேரத்தில், வேறு என்ன செய்வார், கிணற்றுக்குள்ளேயே வட்டமாக நடந்துகொண்டிருந்தார்.

இரண்டு மாசக் கெடு முடிந்ததும் டாக்டரம்மா வந்தார். ஏணி வைத்து இறங்கி ரத்தம் எடுத்தார். நூற்றுப் பதினெட்டு. புண்ணும் ஆறியிருந்தது.

"நல்லா இறங்கியிருக்கு. விரலுக்கு இனிப் பயமில்லை. மேல வாங்க."

வடமலை துண்டை அவிழ்த்தார். "வர மாட்டேம்மா. நான் ஏறினா அதுவும்லா கூட ஏறும்."

"அந்த ஏறுறது வேற, இந்த ஏறுறது வேறங்க."

"இந்த விரலை வச்சித்தாம்மா என் வீட்டுல உலை கொதிக்கு. என்னை விட்டுருங்க."

டாக்டரம்மா மேலே வந்து தலைவரைப் பிடித்தார். "நோய் வந்த பிறகு ஒருத்தரை வச்சிக்கிட்டு அல்லாடுறதைவிட, யாருக்கும் வராம இருக்க ஊருக்கே சேர்த்து ஒரு திட்டம் போடுங்க," என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான்.

தலைவர் திட்டம் போட்டார். சீக்கு வந்தவரைக் கிணற்றில் இறக்குவதைவிட, வருவதற்கு முன்பே ஊரையே கீழே இறக்கிவிடுவது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுநாளிலிருந்து ஆணும் பெண்ணும் விடியும்போதே மண்வெட்டியோடு இறங்கிக் கீழத்தெருவைத் தோண்டினார்கள். குனிந்து செருப்பைக்கூட மாட்டாதவர்களெல்லாம் வியர்த்து வடிந்தார்கள்.

தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது?

"கிணறு சும்மாத்தானே கிடக்கு," என்றார் திரவியம்.

வடமலை உள்ளே இருப்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கூடைக்கும் "ஒதுங்குங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் கொட்டினார்கள். அவரும் ஒதுங்கி நின்று, மண்ணை மிதித்துச் சமன்செய்து, மிஷினைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டு தைத்தார்.

அடுத்த முறை டாக்டரம்மா வந்தபோது கிணற்றைக் காணோம். அது இருந்த இடத்தில், தரைக்குச் சமமாக, வடமலை மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சுற்றிலும் ஊரே கவலையோடு நின்றது. டாக்டரம்மா பதறிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நூற்றுப் பத்து.

"ஏறவே இல்லையே. பிறகு எதுக்கு இந்த முழி?"

"எனக்கு எப்படிம்மா ஏறும்? நான் ஒரு படிகூட ஏறலையே," என்றார் வடமலை. "கிணறுதாம்மா ஏறிட்டு."

"ரெண்டே மாசத்துல இருபதடி," என்றார் தலைவர் தாழ்ந்த குரலில்.

திரவியம் கிணற்றின் விளிம்புக் கல் ஒன்றை ஈரத்துணியால் துடைத்து, ஊசி குத்தத் தோதாகக் காட்டினார்.

"இங்க எடுத்துப் பாருங்கம்மா. விடிஞ்சதுலேருந்து ஒரு கூடை மண்ணுகூடப் போடலை. வெறும் வயித்துலதான் இருக்கு."