புலி சொன்ன புது விதி

மலையடிவாரத்தில் வடிவம்மைக்கு ஒரு சின்ன மடம். சீடர் மருதப்பன் அவரைவிட மூத்தவர். ஆனாலும் அவர் கூப்பிடுவது "தாயே". அந்த அம்மா கூப்பிடுவது "அண்ணாச்சி".

மருதப்பனுக்கு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. செவ்வாய்க்கிழமை வார லீவு. அன்று விடிந்ததும் மடத்துக்கு வந்துவிடுவார். மனுஷனுக்கு உசிரே அந்த ஒரு நாள்தான்.

அந்தச் செவ்வாயன்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"தாயே, முதலாளி ஒப்பந்தத்தை மாத்திட்டாரு. இனிமே வார லீவே கிடையாதாம். நாளைக்குக் கையெழுத்துப் போடணுமாம். போடவா?"

வடிவம்மை தரையில் கோலப்பொடியால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரைந்தார்.

"நான் புலி. நீங்க ஆடு."

ஆட்டம் சூடுபிடித்தது. மருதப்பன் கெட்டிக்காரர், புலிகளை மடக்கும் நேரம்.

"இனிமே புலி ஒரே தாவல்ல ரெண்டு ஆட்டை வெட்டும்," என்றார் வடிவம்மை.

மருதப்பன் அடுத்த ஆட்டை நகர்த்தினார்.

"ஆடு இனிமே பின்னால போகக்கூடாது."

அதற்கும் நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் கட்டத்தில் ஓர் ஆடுகூட இல்லை.

"இது என்ன அநியாயம் தாயே!"

"நீங்கதான் ஒண்ணும் சொல்லலியே. காயை நகர்த்தினீங்க. சரின்னு எடுத்துக்கிட்டேன்."

"நீங்க குருவாச்சே!"

"அவரு முதலாளியாச்சே."

மறுபடி ஆடினார்கள். பாதியில் வடிவம்மை, "இனிமே புலி..." என்று ஆரம்பித்தார்.

மருதப்பன் கட்டத்தின் மேல் கையை வைத்துவிட்டார். "உட்காரும்போது பேசினதுதான் ஆட்டம். மாத்தணும்னா என்னையும் கேட்டு மாத்துங்க!"

"அடேயப்பா! அண்ணாச்சிக்கு வாய் இருக்கே!" என்று வடிவம்மை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மருதப்பனுக்கும் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது.

"கடையில நான் ஒத்தையாப் போய் இப்படிச் சொன்னா வெட்டிருவாரே?"

வடிவம்மை ஓர் ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆட்டை வைத்தார். "இதைப் புலி தாண்டுமா?"

"தாண்டாது."

"உங்க பின்னால யாரு இருக்கா?"

"பில் போடுற செல்வராணி இருக்கா. பட்டுப் பிரிவு இப்ராகிம் பாய் இருக்காரு. அட, எல்லாருக்கும்தானே லீவு போகுது!"

செருப்பைப் போட மறந்து ஓடினார் மனுஷன்.

அடுத்த செவ்வாய் காலை. மடத்து வாசலில் மருதப்பன், வாயெல்லாம் பல்.

"தாயே, நாங்க யாருமே கையெழுத்துப் போடலை. எல்லாரும் சேர்ந்து போய் மாட்டோம்னு சொன்னோம். பழைய ஒப்பந்தமே இருக்கட்டும்னுட்டாரு!"

வடிவம்மை கோலப்பொடியை எடுத்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி. இன்னைக்கு நீங்க புலி. எங்கே, எனக்கு ஒரு புது விதி சொல்லிப் பாருங்க!"