அண்ணாச்சி வீட்டு ரூட்டர்

எங்க மடத்து அம்மாவுக்கு சிஷ்யர்கள்னு இருந்தது நாலைஞ்சு பேர்தான். அதுல சொரிமுத்து அண்ணாச்சிக்கு அம்மாவைவிட வயசு அதிகம். அம்பாசமுத்திரத்துல பாத்திரக்கடை வச்சிருந்தவரு. கடையை மூடினப்புறம் விக்காத அண்டா, தவலை, குண்டான் எல்லாத்தையும் வீட்டுக்குள்ள கொண்டுவந்து அடுக்கிட்டாரு. வீட்டுல அவருக்குப் படுக்க இடம் இருந்ததே பெரிய விஷயம்.

வாய்க்கால் கரையில ஒரு தகரக் கொட்டகை. அதைத்தான் மடம்னு சொல்லுவோம். அம்மா அங்கதான் இருந்தாங்க. ஊர்ல வடிவம்மான்னு சொன்னாத் தெரியும். கேட்டாத்தான் பேசுவாங்க. சில நேரம் கேட்டாலும் பேச மாட்டாங்க. நான் அங்க சமையல். அம்மா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து நான் பேசுதேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

ஒரு மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு இலை எடுத்துக்கிட்டு இருக்கேன், அண்ணாச்சி வந்து அம்மா முன்னால உக்காந்தாரு.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். இந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் கேக்கல. குத்தம் யாரு மேல?"

அடேயப்பா, அண்ணாச்சி பெரிய இடத்துக்குப் போயிட்டாரேன்னு நான் இலையைக் கீழ வச்சுட்டு நின்னேன். கடவுள் கூப்பிடுதாரு, நமக்குக் காது கேக்கலங்கிற பேச்சுன்னு நினைச்சேன். கடைசியில பார்த்தா அவரு வீட்டு ரூட்டரைப் பத்திப் பேசுதாரு.

அவரு மகன் தளவாய். ஒரே மகன், தாயில்லாப் பிள்ளை. சரக்குக் கப்பல்ல வேலை கிடைச்சுப் போனான். அண்ணாச்சி தெருவுல கேபிள் நெட்டு கிடையாது. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி சிம் போட்டு ஓடுற ரூட்டர் ஒண்ணு வாங்கி மாட்டிக் குடுத்துட்டுப் போனான். அப்பா, வாட்ஸ்அப்ல கூப்பிடுவேன், போனைப் பக்கத்துலயே வச்சிருங்கன்னு சொன்னான். கூப்பிடவும் செஞ்சான். போன ஆனி மாசம் கம்பெனிக்காரன் கூப்பிட்டான். காலையில பார்த்தா உங்க மகன் அறையில இல்ல, கப்பல் பூராத் தேடியாச்சு, கப்பலைத் திருப்பிக் கடல்லயும் தேடியாச்சு, கிடைக்கலன்னான்.

அண்ணாச்சியோட தம்பி சொல்லிப் பார்த்தாரு. நாளாச்சுண்ணே, ஆத்தங்கரையில வச்சுக் கருமாதியை முடிச்சிருவோம், அந்தப் பிள்ளை போற வழிக்குப் போகட்டும்னாரு. அண்ணாச்சி செருப்பைத் தூக்கிட்டாரு. உசுரோட இருக்கிறவனுக்கா கருமாதி செய்யச் சொல்லுதன்னு தெருவே வேடிக்கை பார்க்க ஏசினாரு. அதோட சொந்தக்காரங்க யாரும் அந்தப் பேச்சை எடுக்கல.

"அவன் கூப்பிடுதாம்மா," அப்படின்னாரு. "எங்கயோ ஒரு கரையில ஒதுங்கிக் கிடக்கான். எவன்கிட்டயாவது போனை வாங்கிக் கூப்பிடுதான். இந்த ரூட்டர் சவம் அந்த நேரம் பார்த்து சிவப்பு லைட்டைப் போட்டுருது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நெட்டு இல்லாதப்ப வந்த மிஸ்டு காலை அப்புறம் காட்டுமே அண்ணாச்சி," அப்படின்னேன்.

"எல்லாத்தையும் காட்டாது வே. உமக்கு என்ன தெரியும்?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க.

"என்னென்ன செஞ்சு பார்த்திய?" அம்மா கேட்டாங்க.

"என்னம்மா செய்யல? அணைச்சு அணைச்சுப் போட்டேன். சிம்மைக் கழட்டித் துடைச்சு மாட்டினேன். வேற சிம் போட்டேன். பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதுல ஊக்கை விட்டு அமுக்கச் சொன்னான் கடைக்காரன். அமுக்கினேன். கஸ்டமர் கேருக்கு அடிச்சா ஒரு பிள்ளை, உங்க ஏரியாவுல ஒரு பிரச்சினையும் இல்ல சார்னு நல்லாச் சிரிச்சுப் பேசுது. கொஞ்ச நேரம் ஓடும். நான் குளிக்கப் போனா நிக்கும். மளிகைக் கடைக்குப் போனா நிக்கும். அவன் அப்பத்தான் கூப்பிட்டிருப்பான். நீங்க ஒரு தடவை வந்து பாருங்கம்மா."

"அது சரியாகணுமா அண்ணாச்சி?"

"இது என்னம்மா கேள்வி?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? அது ஒண்ணு சரியாச்சுன்னா எம்புள்ளை குரலைக் கேட்டிருவேன்."

அம்மா எந்திரிச்சு வாய்க்கால் பக்கம் போயிட்டாங்க. அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போச்சு.

அதுக்கப்புறம் வரும்போதெல்லாம் கேட்டாரு. அம்மா பார்ப்போம்பாங்க, இல்லன்னா பேச்சை மாத்துவாங்க. எனக்கே தாங்கல. ஒரு நாள் அரிசி களைஞ்சுக்கிட்டே சொல்லிட்டேன்.

"ஒரு எட்டு போய்ப் பார்த்தாத்தான் என்னம்மா? அந்த மனுசன் சோறு தின்னு எத்தனை நாளாச்சோ. இதைவிட என்ன பெரிய புண்ணியம்?"

அம்மா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "நீயும் சொல்லுத," அப்படின்னாங்க. "சரி, போவோம்."

போனோம். வீட்டுக்குள்ள நடக்க வழியில்ல. தரையில இருந்து உத்தரம் வரைக்கும் பாத்திரம். நடுவுல பூஜை அலமாரி. அதுல முருகனுக்குப் பக்கத்துல ரூட்டரை வச்சிருக்காரு. சந்தனம், குங்குமம் எல்லாம் பலமா இருக்கு. தூசி படக்கூடாதுன்னு மேல ஒரு பின்னல் உறை. ரெண்டு பக்கமும் வெண்கலப் பானை. பின்னால ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தைச் சாய்ச்சு நிறுத்தியிருக்காரு.

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"சிக்னலை இழுத்துக் குடுக்கும் வே. டிஷ்ஷு இழுக்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. "இழுக்கிறதா? வர்றதையும் மறிச்சுல்லா வச்சிருக்கிய! சிக்னலை இப்படிப் பாத்திரத்துக்குள்ள வச்சுப் பூட்டினா அது எங்கிட்டு வரும்?"

அண்ணாச்சி சிரிக்கல. அம்மாவும் சிரிக்கல.

அம்மா உறையைக் கழட்டி ரூட்டரைத் தொட்டாங்க. கை சுடுற சூடு. அது ஆறட்டும்னு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தாங்க. அப்புறம் நீள ஒயர் ஒண்ணு போட்டு, ரூட்டரைக் கையில ஏந்திக்கிட்டு ஒவ்வொரு இடமா நடந்தாங்க. அடுப்படியில சிவப்பு. பட்டாசால்ல, அதான் முன்கூடத்துல, விட்டு விட்டு மஞ்சள். தெருப்பக்கம் ஒரு ஜன்னல். அதை மறிச்சுத் தவலையா அடுக்கியிருந்துச்சு. எல்லாத்தையும் இறக்கினது நான்தான், முதுகு போச்சு. ஜன்னலைத் திறந்து ரூட்டரை அங்க வச்சதும் பச்சை லைட்டு வந்துச்சு. நின்னு எரிஞ்சுச்சு.

"இங்கனயே வச்சிரட்டுமா அண்ணாச்சி?"

"வைங்கம்மா."

"வேண்டாம்னா இப்பவும் சொல்லலாம்."

"ஐயோ, வைங்கம்மா!" ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு.

சரியாப் போகுதான்னு பார்க்க நான் தெருமுனைக்குப் போயி வாட்ஸ்அப்ல அவரைக் கூப்பிட்டேன். ஒரே மணியில எடுத்துட்டாரு.

"தளவாயா?"

"நான்தான் அண்ணாச்சி. தெருமுனையில நிக்கேன்."

"தெரியும் வே. சும்மா சொல்லிப் பார்த்தேன்."

திரும்பி வரும்போது நான்தான் வழி பூரா, பார்த்தியளா எவ்வளவு லேசான வேலைன்னு பேசிக்கிட்டே வந்தேன்.

அண்ணாச்சி அப்புறம் மடத்துப் பக்கம் வரல. சந்தைக்குப் போறப்ப நான் அந்தத் தெரு வழியாப் போனேன். ஜன்னலுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. மடியில போன். தாடி வளர்ந்து கிடந்துச்சு.

"கட்டாகுதா அண்ணாச்சி?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல."

"நல்லதாப் போச்சு," அப்படின்னேன். அவரு என்னைப் பார்த்த பார்வை, அய்யோ, வெண்டைக்காய் வாங்கப் போனதை மறந்து நான் வெறுங்கையோட திரும்பி வந்தேன். அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ம் கொட்டினாங்க.

கொஞ்ச நாள்ல அவரே வந்துட்டாரு. காலையில, அம்மா முற்றம் தூத்துக்கிட்டு இருந்த நேரம். துணிப்பையில இருந்து ரூட்டரை எடுத்து அம்மா காலடியில வச்சாரு.

"இதைக் கெடுத்துக் குடுங்க."

"கிறுக்கா பிடிச்சிருக்கு அண்ணாச்சி?" நான்தான் கேட்டேன்.

அவரு என் பக்கம் திரும்பல. "முன்னாடி அவன் கூப்பிட்டாம்மா. எனக்குத்தான் கேக்கல. கேக்கலன்னாலும் கூப்பிட்டான். அதை வச்சுத்தான் நான் எந்திரிச்சு ஒரு வாய்க் காப்பி குடிச்சேன். இப்ப ராப்பகலாப் பச்சை லைட்டு எரியுது. அவன் கூப்பிடல." மூச்சு வாங்கிச்சு அவருக்கு. "எம்புள்ளையைக் கொன்னுட்டியளே."

அம்மா துடைப்பத்தை ஓரமா வச்சுட்டு அவருக்கு எதிர்க்கத் தரையிலேயே உக்காந்தாங்க.

"தெரிஞ்சே செஞ்சியளா?"

"தெரியும் அண்ணாச்சி. அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

தெரிஞ்சா செய்யாம இருந்திருக்கணும், இல்லன்னா எடுத்துச் சொல்லியிருக்கணும். ஒரு மனுசனை இப்படியா விடுறது? அன்னைக்கு அம்மா மேல எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாப் போகல. என் மேல வந்த கோபமும் போகல. போவோம் போவோம்னு நச்சரிச்சது நான்தானே.

அம்மா ரூட்டரைக் கையில எடுத்தாங்க. "கெடுக்கிறதுக்கு இவ்வளவு தூரம் ஏன் வந்திய? ஒயரைப் பிடுங்கினாப் போதுமே."

"பிடுங்கிப் பார்த்தேம்மா."

"பெறகு?"

"பிடுங்கினது நான்தானேன்னு தெரியுதே."

அம்மா ரூட்டரைத் திருப்பிப் பார்த்தாங்க.

"பழையபடி பாத்திரத்துக்கு நடுவுல கொண்டு வச்சேன். சிவப்பு லைட்டு வந்துச்சு. எதனால வருதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சே, என்ன செய்ய? எனக்குத் தெரியாம, அதுவாக் கெட்டுப்போற மாதிரி உள்ள ஏதாவது செஞ்சு குடுங்கம்மா. எப்ப நிக்கும், எப்ப ஓடும்னு எனக்குத் தெரியக்கூடாது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குதேன்."

நிசமாவே காலைப் பிடிச்சுட்டாரு, அவ்வளவு வயசு மூத்த மனுசன். அன்னைக்குத் தவலையெல்லாம் இறக்கினப்பகூட நான் அவ்வளவு பாரமா உணரல.

"செய்யுதேன்," அப்படின்னாங்க அம்மா. என்னைப் பார்த்து, "திருப்புளி எடுத்துட்டு வா," அப்படின்னாங்க.

நான் நின்ன இடத்துலயே நின்னேன்.

"எடுத்துட்டு வான்னேன்."

எடுத்துட்டு வந்து குடுத்தேன். அம்மா ரூட்டரை மடியில கவுத்திப் போட்டு, முதல் திருகாணியைக் கழட்டித் தரையில வச்சாங்க. ரெண்டாவதையும் கழட்டினாங்க. அண்ணாச்சி கண் கொட்டாமப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. மூணாவதுல திருப்புளியை வச்சு, தலை நிமிராமலே கேட்டாங்க.

"அண்ணாச்சி, இதைக் கெடுத்த பெறகு தளவாய் நிசமாவே கூப்பிட்டா என்ன செய்விய?"

"கூப்பிட மாட்டாம்மா."

கேட்ட வேகத்துலேயே சொல்லிட்டாரு. சொன்னப்புறம்தான் அவருக்கே காதுல விழுந்திருக்கு. வாயைக் கையால பொத்தினாரு. பொத்தி என்ன பிரயோசனம்? தகரக் கொட்டகை அதிர அழுதாரு. மகனே மகனேன்னு அழுதாரு. அந்த ஆனி மாசத்துல இருந்து அன்னைக்கு வரைக்கும் அவரு கண்ணுல ஒரு சொட்டு வரல, எல்லாத்துக்கும் சேர்த்து அழுதாரு. நானும் அழுதேன்.

அம்மா திருப்புளியைக் கீழ வச்சாங்க. அழுது முடியட்டும்னு அவரு பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. வெயில் முற்றத்துக்கு வந்திருச்சு. அவரு துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, எங்கயும் பார்க்காம இருந்தாரு.

"தளவாய்க்காக ஆத்தங்கரைக்கு என்னைக்குப் போகணும்னு சொல்லுங்க அண்ணாச்சி," அப்படின்னாங்க அம்மா. "நானும் கூட வாரேன்."