ஐந்து ஊதாக் காய்கள்

எஸ்டேட் துரை கஜபதிக்குக் காய்கறிக் கண்காட்சியில் பரிசு வாங்காவிட்டால் சோறு இறங்காது. அந்த வருஷம் அவர் கண், கொழுந்து பறிக்கும் செவனம்மாவின் வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது. அங்கே கொடி ஓடாத குத்துச்செடி பீன்ஸ், ஊதா ஊதாவாகக் காய்த்திருந்தது. அவள் அம்மா கொடுத்த விதை. துரை ஆள் விட்டுச் செடியோடு பிடுங்கிக்கொண்டு போனார். விதைக்கென்று முற்றவிட்ட, இன்னும் ஊதா மாறாத ஐந்து காய்களை மட்டும் அவள் முந்திக்கொண்டு பறித்து மடியில் கட்டிக்கொண்டாள்.

கண்காட்சியில் துரையின் தட்டு நிறைய ஊதாப் பிஞ்சு. "மூன்று தலைமுறையாக எங்கள் பங்களாவில் சாப்பிடுகிறோம். இனி வேறு யாரும் இதைப் போடக் கூடாது" என்றார்.

"அது என் விதைங்கம்மா" என்று நடுவர் அம்மாவிடம் சொன்னாள் செவனம்மா.

"அத்தாட்சி காட்டு. என் தட்டில் மட்டும் கை வைக்காதே" என்று சிரித்தார் துரை.

"வைக்கலைங்க தொரை. மூணு தலைமுறையா சாப்பிடுறீங்களே, வெந்தா என்ன நிறம்?"

"இதென்ன கேள்வி? ஊதாதான். குழம்பே ஊதாவாகிவிடும்."

செவனம்மா மடியை அவிழ்த்தாள். கோபத்தில், பக்கத்திலிருந்த டீக்கடைக்காரரின் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து காய்களையும் கொட்டினாள். சற்று நேரத்தில் காய்கள் பச்சைப்பசேலென்று மிதந்தன. கூட்டம் சிரித்த சிரிப்பில் துரை காரைத் தேடிப் போனார்.

பரிசும் தட்டும் செவனம்மாவுக்கே வந்தன. தட்டில் இருந்தது எல்லாம் விதை பிடிக்காத பிஞ்சு.

பீன்ஸ் போடும் பட்டம் வரும்போதெல்லாம் அவள் வெறும் பாத்தியைப் பார்த்துச் சொல்வாள்: "நிறம் காட்ட ஒரு காய் போதாதா எனக்கு?"