ஒச்சப்பனுக்கு ஓர் ஒப்பாரி

உசிலம்பட்டிப் பக்கம் ஒப்பாரி பாட ராக்குவை விட்டால் ஆளில்லை. ஒரு துக்க வீட்டில் பாடியதை அவள் தன் யூடியூப் சேனலில் போட்டிருந்தாள். மதுரை ஆடியோ கம்பெனி முதலாளி மார்த்தாண்டன் அதை அலுங்காமல் எடுத்துத் தன் பாட்டென்று பதிந்துகொண்டார். அதோடு விட்டாரா? ராக்குதான் திருடி என்று புகார் கொடுத்து, அவள் சேனலையே முடக்க வைத்தார்.

நியாயம் கேட்கப் போனவளிடம், “உன் பாட்டுன்னா எழுதின நோட்டைக் காட்டு. புகாரை வாபஸ் வாங்குறேன்” என்றார்.

ஒப்பாரியை நோட்டில் எழுதி வைத்தா அழுவார்கள்?

ராக்கு பணிவாகக் கேட்டாள். “நீங்க எழுதினதாவே இருக்கட்டுங்க. ‘ஆலம்பட்டிச் சிங்கமே, ஒச்சப்பா, போயிட்டியே’ன்னு பாட்டுல வருதே, அது யாருங்க?”

“என் தாய்மாமன்! அவர் செத்த துக்கத்துல ஒரே மூச்சுல எழுதினேன்.” மார்த்தாண்டன் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

“அடடா! அன்னைக்குச் செத்தது ஒச்சப்பனோட தம்பி தவமணிங்க. அழுத அழுகையில நான்தான் வாய் தவறி அண்ணன் பேரைப் பாடிட்டேன்” என்ற ராக்கு, வாசல் பக்கம் திரும்பினாள். “ஒச்சப்பண்ணே, உள்ள வாங்க!”

மீசையை நீவிக்கொண்டே ஒச்சப்பன் வந்து நின்றார். மார்த்தாண்டன், புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிக் கம்ப்யூட்டர் ஆளுக்கு அவசரமாகக் கைகாட்டினார்.

ஒச்சப்பன் விடவில்லை. “அதெல்லாம் இருக்கட்டும் மாப்ளே, நான் செத்தன்னைக்கு நீ ஒரு மாலைகூடக் கொண்டாரலையே?”