நடுவுல ஆள் நிக்கக்கூடாது

கூத்தம்பாறையில் புத்திசாலிகளே இல்லை என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள். இருக்கிறார்கள் சாமி, இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருத்தர்கூட அந்த ஊர் ஹாம் ரேடியோ சங்கத்தில் சேரவில்லை.

ஹாம் ரேடியோ ஒன்றும் பெரிய மாயமந்திரம் இல்லை. செல்போன் கோபுரம் வேண்டாம், கம்பெனி வேண்டாம். கையடக்கமான ஒரு ரேடியோப் பெட்டியில் எழுத்தைத் தட்டிப் பொத்தானை அமுக்கினால், தூரத்து ஊரில் இருக்கிற இன்னொரு பெட்டியின் திரையில் அது வந்து நிற்கும். புயல், வெள்ளம் என்று மற்றதெல்லாம் படுத்துவிடுகிற நேரத்தில் ஊருக்கே உதவும், மூளையுள்ளவன் கையில் இருந்தால்.

சங்கத்துக்குத் தலைவர் பங்காரு. உறுப்பினர்கள் தங்கமாயன், கருத்தபாண்டி, சுருளிவேல். நாலு பேரும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள். எப்படிப் பாஸானார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். மதுரையிலிருந்து ஒரு சார் வந்து பாடம் எடுத்தார். அவர் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் பண்ணிக்கொண்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

"ஒருத்தர் பேசி முடிச்சு ஓவர்னு சொன்ன பிறகுதான் அடுத்தவர் பேசணும்" என்று சார் சொல்லியிருந்தார். சுருளிவேல் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான்.

வீட்டில் அவன் பெண்டாட்டி நாகரத்தினம். அவளும் அதே பரீட்சையை எழுதி, அவனைவிட நல்ல மார்க்கில் பாஸானவள். சங்கத்தில் சேரச் சொன்னதற்குச் சிரித்துவிட்டு உலை வைக்கப் போனவள். அவள் துணி காயப்போடுகிற கம்பியை ஆன்டெனாவுக்கென்று ஒருநாள் இவன் அறுத்துக்கொண்டு போனான். காய்ந்துகொண்டிருந்த அத்தனை துணியும், தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த நல்ல சேலையோடு, சேற்றில் விழுந்தது. சும்மா விடுவாளா? காலையில் பிடித்தாள். அடுப்படியில் நின்று திட்டினாள், வாசல் கூட்டிக்கொண்டே திட்டினாள், தலை முடிந்துகொண்டே திட்டினாள். சுருளிவேல் வாயே திறக்கவில்லை.

"இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, தப்புதான்னு ஒரு வார்த்தை வருதா உங்க வாயில?"

சொல்லத்தான் அவனுக்கும் துடித்தது. ஆனால் அவள் இன்னும் ஓவர் சொல்லவில்லையே! அடுத்தவர் பேச்சில் குறுக்கே பாய்ந்தால் லைசென்ஸ் போய்விடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பாவி.

மத்தியானம் அவள் பையைக் கட்டினாள். சங்கத்தின் இரண்டு பெட்டிகளில் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. சமாதானம் பேச உங்க அக்காவை அனுப்பக்கூடாது. எங்க மாமாகிட்டப் போய் அழக்கூடாது. நடுவுல ஒரு ஆள் வரக்கூடாது. தப்பு உங்க மேலதான்னு நீங்களா எனக்கு நேரா சொல்லணும். எங்க ஊர்லதான் செல்போன் எடுக்காதே, உங்க உசுரான இந்தப் பெட்டியிலயே சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா நான் எங்க அண்ணன்கூடத் திருப்பூர் போறேன். பனியன் கம்பெனியில வேலை காத்துக் கிடக்கு."

மேல்சுனை பஸ் ஏறிப் போய்விட்டாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பின்னாலேயே போய்க் காலில் விழுந்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அது மனுசன் செய்கிற காரியம். சுருளிவேல் சங்கத்தைக் கூட்டினான்.

கூட்டம் கூடிக் கூடிப் பேசியதில் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. விடிந்ததும் நாலு பேரும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆனைக்கரடு என்கிற குன்றுக்குப் போனார்கள். அந்தக் கரட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் எதிர்மலைச் சரிவில் மேல்சுனை பளிச்சென்று தெரியும்.

"ஆன்டெனா எவ்வளவு உசரத்துல இருக்கோ அவ்வளவு நல்லது" என்றிருந்தார் சார். பெட்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே தங்கமாயன் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போனான். மற்ற மூன்று பேரும் பெட்டியோடு அடிவாரத்தில் நின்றார்கள். இரண்டையும் இணைக்கிற வயர் ஒரு தென்னை மர உயரத்துக்குக்கூட வரவில்லை.

"வயர் சின்னதா, கரடு பெருசா?" என்று கேட்டான் கருத்தபாண்டி.

பங்காரு மீசையைத் தடவினார். "கரடு நம்ம பாட்டன் காலத்துல இருந்து இதே அளவுதான் இருக்கு. வயர் நேத்துத்தான் வாங்குனது. புதுசா வந்ததுதான் தப்புப் பண்ணும்."

அந்தத் தீர்ப்பில் எல்லோருக்கும் திருப்தி. ஆனாலும் வயர் நீளவில்லை. வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு, நிழலைத் தேடித் தற்செயலாக மேலே போனார்கள். போனபோது பெட்டியும் கூடப் போயிற்று. கீழே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்தான். ஆனால் "இது கையில எடுத்துட்டுப் போற பெட்டி" என்று சார் சொல்லியிருந்ததால், கருத்தபாண்டி அதைக் கீழே வைக்கவே மாட்டேன் என்று நின்றான். கொண்டுவந்த புளிச்சோற்றை அவனுக்கு பங்காருதான் ஊட்டிவிட்டார். தலையெழுத்து.

அனுப்புவதற்கு முன்னால் வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதுவும் சார் சொன்னதுதான். கேட்டார்கள். நாலு பேர் காதும் பெட்டியிலேயே இருந்தன. ஒரு சத்தம் இல்லை, ஒரு இரைச்சல் இல்லை.

"இவ்வளவு சுத்தமான லைனை நான் பாத்ததே இல்லப்பா" என்று பூரித்துப்போனார் பங்காரு.

எப்படிச் சத்தம் வரும்? பேட்டரி தங்கமாயன் வீட்டு பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "பேட்டரியைச் சிக்கனமா வச்சுக்கங்க" என்று சார் சொல்லியிருந்தார். பீரோவில் வைப்பதைவிடச் சிக்கனம் எங்கே இருக்கிறது? அதை அவன் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஊரெல்லாம் தெரிந்தால் களவு போய்விடும் அல்லவா.

சுருளிவேல் 'தப்பு என் மேலதான், வீட்டுக்கு வா' என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினான். திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் கூச்சம் என்று முடிவு பண்ணினார்கள். பொத்தானை அமுக்கினான். மேல்சுனையிலிருந்து பதில் இல்லை. மறுபடி அமுக்கினான். இன்னும் பொழுது இறங்கினால் நாகரத்தினம் திருப்பூர் போய்விடுவாள் என்ற நினைப்பு வந்ததும் பங்காருவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்குண்ணே. போகலைண்ணே."

"பதறாத. சார் என்ன சொன்னாரு? செய்தி பெட்டியில இருந்து பெட்டிக்கு நேராப் போகும், நடுவுல யாரும் கிடையாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"உன் சம்சாரம் என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"நடுவுல ஒரு ஆள் வரக்கூடாதுன்னு."

பங்காரு கரட்டிலிருந்து கீழே கையை நீட்டினார். மேல்சுனைப் பாதையில் ஒருத்தன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அதற்கு அப்பால் டீக்கடையில் கும்பல். "இத்தனை பேரு நடுவுல நின்னா எப்படிடா போகும்?"

சுருளிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

முதலில் ஆட்டுக்காரன். "அண்ணே, கொஞ்சம் நடுவுல நிக்காம விலகிப் போங்கண்ணே."

"எதுக்குய்யா நடுவுல?"

"எனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல."

ஆட்டுக்காரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன்டா உங்கிட்ட அப்படிச் சொன்னது? நான் பிள்ளைகுட்டிக்காரன்டா!" என்று கையில் இருந்த தொரட்டிக் கம்பால் முதுகில் ஒன்று வைத்தான். வைத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுப் பக்கமாக ஓடியே போய்விட்டான். முதுகு எரிந்தாலும் சுருளிவேலுக்கு சந்தோஷம். ஒரு ஆள் விலகியாச்சு.

டீக்கடையில் அவன் அதையே சொன்னதும், குடித்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். யார் அந்த ஆள் என்று பேச்சு எழும்புவதற்குள், எதற்கு வம்பு என்று ஒவ்வொருத்தராக நழுவினார்கள். பாதி கிளாஸோடு போனவர்களும் உண்டு. கடைக்காரர் தன் பெண்டாட்டி காதுக்கு இது போவதற்குள் பெஞ்சை உள்ளே தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்தினார். அதற்கப்புறம் சுருளிவேல் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அவனைத் தூரத்தில் கண்டதுமே பாதை காலியானது.

இப்படியே விலக்கிக்கொண்டு போனதில், மேல்சுனையே வந்துவிட்டது.

நாகரத்தினம் வீட்டுக்கு முன்னால் பாறை மேல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அப்படித்தான். வீம்புக்காரிதான். ஆனால் வேர்த்து விறுவிறுத்து, காலெல்லாம் மண்ணோடு புருசன் மலை ஏறி வருவதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"இம்புட்டுத் தூரம் நடந்தா வந்தீங்க? சரி, வந்ததுதான் வந்தாச்சு, அந்த ஒரு வார்த்தையை வாயால சொல்லிருங்க. கிளம்புறேன்."

"அதெல்லாம் முடியாது" என்றான் சுருளிவேல். "நீ நேரா சொல்லச் சொன்ன. பெட்டியிலதான் வரும். இன்னும் வரலையா?"

"வரலை."

"வழியில இருந்த அத்தனை பேரையும் விலக்கிட்டனே! இன்னும் எவன் நடுவுல நிக்கிறான்?"

முன்னால் பார்த்தான். நாகரத்தினம். பின்னால் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் ஆனைக்கரடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் நின்றான். அவனுக்குக் குப்பென்று வேர்த்தது.

"ஐயையோ, நான்தான்டி நிக்கிறேன்!"

பாதை ஓரப் பள்ளத்தில் குதித்துக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

அதே நேரம் கரட்டின் மேல் என்ன நடந்தது தெரியுமா? பீரோவில் வைத்த பேட்டரி பத்திரமாக இருக்கிறதா என்று தங்கமாயனுக்கு சந்தேகம் வந்து, வீட்டுக்குப் போய் அதைக் கையோடு கொண்டுவந்திருந்தான். கையில் வைத்திருந்தால் நழுவிவிடும் என்று, நல்ல மூடி போட்ட இடமாகத் தேடி, ரேடியோப் பெட்டிக்குள் போட்டு மூடினான். திரை எரிந்தது. "வெயில் தாழ்ந்திருச்சு, இப்பத் தெரியுது பாரு" என்றார் பங்காரு. சுருளிவேல் தட்டியதையே மறுபடி தட்டி, கீழே அவன் பேரைப் போட்டு, பொத்தானை அமுக்கினார்.

நாகரத்தினம் மடியில் பெட்டி 'டிங்' என்றது. படித்தாள். 'தப்பு என் மேலதான், வீட்டுக்கு வா. சுருளி.' பள்ளத்தில் நெருஞ்சி முள்ளில் கிடக்கிற புருசனைப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த ஆளை வைத்துக்கொண்டு என்னதான் பண்ணுவது?

"சரிங்க, எந்திரிங்க. வரேன்."

"வாயால சொல்லாத!" என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது. "பெட்டியில அனுப்பு!"

தலையில் அடித்துக்கொண்டு 'வரேன்' என்று தட்டி அனுப்பினாள். பையை எடுக்க உள்ளே போனாள். பதில் வந்து சேர்ந்ததா என்று பார்க்க சுருளிவேல் வந்த வழியே ஓட்டம் பிடித்தான்.

பாதி மலை இறங்கியிருப்பான். பின்னால் சாயங்கால பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தவன் பதறிப்போய், பாதை நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு, எழுத முடியாத வார்த்தைகளில் விசாரித்தார். ஜன்னல் வழியாக நாகரத்தினம் தலையை நீட்டினாள்.

"ஏங்க, நான்தாங்க. ஏறுங்க, சேந்தே வீட்டுக்குப் போயிருவோம்."

"நீ எங்க இதுல வர்ற?" சுருளிவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. "வரேன்னு நீ அனுப்புனது அங்க போய்ச் சேந்துச்சோ என்னமோ! அதுக்குள்ள நீ வந்து நடுவுல நின்னா அது எப்படிப் போகும்? இறங்கு புள்ள. உங்க ஊருக்கே திரும்பிப் போ. செய்தி வந்து சேரட்டும், அப்புறமா வா."

நாகரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கண்டக்டர் அண்ணே, கூத்தம்பாறை வேணாம். தேனிக்கே டிக்கெட் குடுங்க. திருப்பூர் பஸ் அங்க எத்தனை மணிக்கு?"

பஸ் அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நடுவில் நின்ற ஒன்று ஒழிந்தது என்று சுருளிவேல் நிம்மதியாக இறங்கினான்.

கரட்டு உச்சியில் ஒரே கொண்டாட்டம். திரையில் 'வரேன்' என்று கொட்டை எழுத்தில் நின்றது. சுருளிவேல் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நாலு பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தது. நாகரத்தினத்தைக் காணோம்.

"வரேன்னு சொல்லிருச்சு. அப்புறம் ஏன்ணே வரலை?"

பங்காரு மறுபடி மீசையைத் தடவினார். "வரேன்னு சொன்னது எது வழியாடா வந்துச்சு?"

"ஆன்டெனா வழியா."

"சொன்னது அது வழியா வந்தா, சொன்ன ஆள் வேற எது வழியா வரும்?"

மூன்று பேருக்கும் புல்லரித்தது. தங்கமாயன் ஆன்டெனாவை இன்னும் உயர்த்திப் பிடித்தான். கருத்தபாண்டி பெட்டியைக் கீழே வைக்காமல் ஒரு கையாலும், பங்காரு இரண்டு கையாலும் ஒரு வேட்டியை ஆன்டெனாவுக்கு அடியில் விரித்துப் பிடித்தார்கள். நாலாவது முனை சுருளிவேலிடம் இருந்தது. அவன் கண் கொட்டாமல் ஆன்டெனா நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இறுக்கிப் பிடிங்கண்ணே" என்றான் கரிசனமாக. "அவ கையில பையும் இருக்கும்."